பெட்ரோலா, டீசலா? மலைப்பாதையில் ஒரு கணக்கு

‘கேஸ்’ என்றதும் நமக்கு அடுப்பங்கரை நினைவுக்கு வரும். அமெரிக்கருக்கோ பெட்ரோல் பங்க் நினைவுக்கு வரும். ‘கேசொலின்’ என்னும் பெட்ரோலைத்தான் அவர்கள் சுருக்கமாகக் ‘கேஸ்’ என்கிறார்கள். அந்நாட்டில் கட்டட வேலை செய்வோர், குழாய் வேலை செய்வோர், பண்ணை நடத்துவோர் பலரும் பின்புறம் திறந்த தட்டு உள்ள கனரகப் பிக்கப் வண்டியை வைத்திருக்கிறார்கள். அதை வாங்கப் போகும்போது அவர்கள் முன் நிற்கும் முதற்கேள்வி, பெட்ரோல் எஞ்சினா, டீசல் எஞ்சினா என்பதே. டீசல் வண்டியின் விலை ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதலாக இருக்கும். அவ்வளவு பணத்தைக் கூடுதலாகக் கொடுக்கலாமா? இதற்கு விடை சொல்ல உங்கள் இயற்பியல் பாடமே போதும். வாருங்கள், பார்ப்போம்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை அமுக்கப்பட்டு, மின்பொறியால் பற்ற வைக்கப்படுகிறது. கலவையை மிகுதியாக அமுக்கினால் அது சூடேறி, பொறி வருமுன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆதலால் அமுக்க விகிதத்தைப் பத்து, பதினொன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினிலோ காற்று மட்டுமே அமுக்கப்படுகிறது. சைக்கிள் பம்பின் முனை சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதேபோல், பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் பொறியின்றியே எரிகிறது. அமுக்க விகிதம் கூடினால் வெப்பத்தை வேலையாக மாற்றும் பயனுறுதிறனும் கூடும். மேலும் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூலும், ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூலும் ஆற்றல் உண்டு. டீசல் வண்டி லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடுவதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

இனி ஓர் உண்மையான வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு எஃப்-250 வண்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தரும் மிகுதியான முறுக்குவிசை 644 நியூட்டன் மீட்டர். இது நிமிடத்துக்கு 4000 சுற்றில் கிடைக்கிறது. 6.7 லிட்டர் டீசல் எஞ்சினோ 1600 சுற்றிலேயே 1424 நியூட்டன் மீட்டர் தருகிறது. ‘இரு மடங்குக்கு மேல்! அதனால்தான் டீசல் மலை ஏறுகிறது’ என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். முறுக்குவிசையைப் பல்சக்கரங்களைக் கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம் அல்லவா? ஆனால் எந்தப் பல்சக்கரத்தாலும் திறனைப் பெருக்க முடியாது. ஆகவே, வண்டி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை முடிவு செய்வது திறனே.

கொலராடோ மாநிலத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. அங்கே செல்லும் நெடுஞ்சாலையில் 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றங்கள் உண்டு. வண்டியும் டிரெய்லரும் சரக்குமாக 9,000 கிலோகிராம் என்று கொள்வோம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 22.2 மீட்டர். புவியீர்ப்பை எதிர்த்து ஏறுவதற்கு மட்டும்,

9,000 × 9.8 × 22.2 × 0.07 = சுமார் 1,37,000 வாட்

அதாவது 137 கிலோவாட் தேவை. காற்றுத்தடையையும் உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 190 கிலோவாட் ஆகும்.

திறன் என்பது முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கி வருவது. பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்றில் 270 கிலோவாட் தருகிறது. ஆனால் இது கடல் மட்டத்துக் கணக்கு. சுரங்கப்பாதையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 70 விழுக்காடுதான். மூச்சுக்குக் காற்று குறைந்தால் எஞ்சினின் திறனும் குறையும். எனவே 270-இல் மிஞ்சுவது சுமார் 189. அலறிக்கொண்டு, குறைந்தது 4000 சுற்றிலாவது ஓடினால்தான் ஈடுகொடுக்க முடியும். டீசல் எஞ்சினில் டர்போ என்னும் காற்றழுத்தி இருப்பதால் உயரம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 1600 சுற்றில் அது தரக்கூடிய திறன் சுமார் 239 கிலோவாட். இந்த வண்டி அமைதியாக ஏறிவிடும்.

அப்படியானால் எல்லோரும் டீசலே வாங்கலாமே? பொறுங்கள். ஃபுளோரிடா மாநிலத்தின் மிக உயர்ந்த இடமே 105 மீட்டர்தான். அங்கே இந்த முழுச் சுமையை இழுத்தாலும் 137 கிலோவாட் கணக்கிலிருந்து நீங்கிவிடும். தெருத் தெருவாகப் போய்க் குழாய் பழுது பார்ப்பவருக்கு அவ்வளவு சுமையும் இல்லை. அவருக்கு டீசலால் வேறொரு தொல்லையும் உண்டு. அமெரிக்காவில் 2007 முதல் கடுமையான புகை விதிகளால், டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி வந்தது. வடிகட்டி நன்கு சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து போகும். ஐந்து நிமிடம் ஓட்டி அரை மணி நிறுத்தும் வண்டியில் அது எப்படிச் சூடேறும்? வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மினசோட்டா போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளிலோ டீசலில் உள்ள மெழுகு உறைந்து குழாயை அடைக்கக்கூடும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொள்வோம். 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 24 லிட்டர், டீசல் 18 லிட்டர். விலை லிட்டருக்குப் பெட்ரோல் 0.85 டாலர், டீசல் 1 டாலர். ஆண்டுச் செலவு பெட்ரோலுக்கு 6,120 டாலர், டீசலுக்கு 5,400 டாலர். மிச்சம் 720 டாலர்தான். கூடுதலாகக் கொடுத்த 10,000 டாலரை எரிபொருளில் மட்டும் மீட்க ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும்! ஓட்டம் இரு மடங்கானால் 7 ஆண்டுகள்.

எனவே, ‘எது நல்ல எஞ்சின்?’ என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எவ்வளவு சுமை, எவ்வளவு ஏற்றம், எவ்வளவு தூரம் என்று கேட்ட பின்பே விடை கூற முடியும். நாள்தோறும் பெருஞ்சுமையுடன் மலை ஏறுபவர் டீசலை வாங்கட்டும். ஊருக்குள் சுற்றுபவர் பெட்ரோலோடு நிற்கட்டும்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு: அதே ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் புவியீர்ப்பை எதிர்க்க எவ்வளவு திறன் வேண்டும்? விடையைக் கண்டதும், மாதம் ஒருமுறை மட்டும் மலை ஏறுபவருக்கு 10,000 டாலரைவிடச் சற்றுப் பொறுமையே மலிவு என்பது உங்களுக்குப் புரியும்.