கணக்கில் வராதவர்களைத் தேடும் படிப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கலாம் என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. ‘நீங்க டாக்டரா, வாத்தியாரா, அத்தை? கேக்குறவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல’ என்று வேறு கேட்டிருக்கிறாய். நான் ஊசி போடும் டாக்டர் இல்லை. பாடம் நடத்துவதால் வாத்தியார் என்றால் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, எந்த ஊரில், எந்தக் காலத்தில், எதனால் என்று ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பு என்னுடையது. நோய்ப்பரவலியல் என்பார்கள்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரிய ஒருவர் சிறுநீரகம் கெட்டுப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள். அங்கே இருக்கும் டாக்டர் அவரைக் காப்பாற்றப் பார்ப்பார். ஆனால் ‘உப்பளத்து வெயில்தான் காரணமா?’ என்று நீ கேட்டால், அந்த ஒருவரை வைத்து அவரால் பதில் சொல்ல முடியாது. சர்க்கரை இருந்திருக்கலாம், ரத்தக்கொதிப்பு இருந்திருக்கலாம், உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கி விழுங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். பின்னத்தில் தொகுதி மேலே, பகுதி கீழே என்று படித்தாயே, ஆஸ்பத்திரிக்குத் தெரிவது தொகுதி மட்டும். உப்பளத்தில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி, உப்பளத்தில் கால் வைக்காதவர்களில் எத்தனை பேருக்கு இப்படி என்று தெரிந்தால்தான் வாய் திறக்கலாம். அந்தப் பகுதி எண்ணைத் தேடி வெயிலில் இறங்குவது எங்கள் வேலை.

அப்படி இறங்கியவர்களில் ஒருவர் வித்யா வேணுகோபால். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் தொழில்சார் உடல்நலப் பேராசிரியர். செங்கல் சூளை, இரும்பு ஆலை, உப்பளம் என்று வெக்கையில் வேலை செய்பவர்களைப் பற்றியே பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறார். 2017 முதல் 2020 வரை அவருடைய குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தது. ஏறத்தாழ 90 சதவீதம் பேர், பாதுகாப்பானது என்று பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

அந்த வெப்பத்தை எப்படி அளக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் டிவி செய்தியில் வரும் டிகிரி இது இல்லை. ஒரு முக்காலியின் மேல் மூன்று வெப்பமானிகள் இருக்கும். ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். அது வெயிலை நேராக வாங்கும். இன்னொன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் திரி காயாது, அந்த வெப்பமானி இறங்காது. மூன்றாவது சாதாரணமானது. திறந்த வெளியில் கணக்குப் போடும்போது ஈரத் திரிக்குப் பத்தில் ஏழு பங்கு, கறுப்பு உருண்டைக்கு இரண்டு பங்கு, சாதா வெப்பமானிக்கு ஒரே ஒரு பங்கு. டிவியில் சொல்வது அந்த ஒரு பங்கைத்தான். கடலோரத்தில் வேர்வை காயாமல் பிசுபிசுவென்று ஒட்டும்போது உடம்பு சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் தவிக்கிறது. ‘இன்னிக்கு அப்படியொண்ணும் வெயில் இல்லையே’ என்று அறையில் இருப்பவர் சொல்லும் நாளில்கூட, பாத்தியில் நிற்பவருக்கு ஆபத்து இருக்கலாம்.

கருவி சொல்லாத ஒன்றும் உண்டு. உப்பளத்துப் பெண்கள் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. ஒதுங்க மறைவு இல்லை, கழிப்பறை இல்லை. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும், அதனால் குடிப்பதில்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் வெயிலுக்குப் பங்கு இருப்பதுபோல, அந்தக் கட்டப்படாத கழிப்பறைக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெண்கள் இப்படித் தண்ணீரைத் தவிர்ப்பதை வித்யா வேணுகோபாலின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஏன் குடிப்பதில்லை என்பதற்கான பதில் கேள்வித்தாளில் டிக் அடித்தால் கிடைத்துவிடாது. நிழலில் அவர்களோடு உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்வரை காத்திருந்து, பெண்ணுக்குப் பெண்ணாகப் பேசினால்தான் வரும்.

இப்போது ஒன்று யோசித்துப் பார். நூற்றுக்கு ஏழு என்ற எண் சரியானதா? சோதித்தது சரி, ரத்தம் எடுத்தது சரி. ஆனால் உப்பளத்துக்கு அன்றைக்கு வந்தவர் யார்? வேலை செய்யத் தெம்பு இருப்பவர். சிறுநீரகம் நிஜமாகவே பழுதானவர் என்றைக்கோ வேலையை விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பார். அவர் அந்த 352-இல் வரவே மாட்டார். உழைக்கும் இடத்தில் எடுக்கும் கணக்கு பாதிப்பைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பது எங்கள் துறையில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. என் மாணவர்களிடம் எந்த அட்டவணையைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதில் யார் இல்லை?

இந்தக் கேள்வி உயிர் காக்கும் நேரமும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தது உனக்கு மறந்திருக்காது. மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, பல மணி நேரம் கழித்துத்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கும். அப்படி ஒரு நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர்களை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதே சாராயத்தைக் குடித்துவிட்டு, ‘போதை இன்னும் தெளியல’ என்று வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரை யார் தேடுவது? யார் யார் ஒரே இடத்தில் வாங்கினார்கள், எத்தனை மணிக்கு, கூட இருந்தவர் யார் என்று பட்டியல் போட்டு, கதவைத் தட்டி அவரை எழுப்பிக் கொண்டுவருவது பொதுச் சுகாதாரம்.

உப்பைப் பற்றியே இன்னொரு கதை. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடன் இருந்தவர்களும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்குக் கழுத்தில் கழலை. பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, நடுவில் ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. 1962-இல் திரும்பப் பார்த்தபோது, அயோடின் உப்பு போன இடங்களில் கழலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கியிருந்தது; வெறும் உப்பு போன இடத்தில் அப்படியே இருந்தது. அந்த ஆண்டே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. வெறும் உப்பு வாங்கிய மக்கள் இல்லாமல் இந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்லை. அவர்களுக்கும் பிறகு அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் கழலை குறைந்தது. ஆனாலும் அத்தனை வருஷம் ஒரு பகுதி மக்களைக் காக்கவைக்கலாமா என்று இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கேட்கும், கேட்கவும் வேண்டும். நீ இந்தத் துறைக்கு வந்தால் அந்தக் கேள்வியோடு தினமும் வாழவேண்டியிருக்கும்.

காங்ராவில் கண்டது கடைக்கு வர எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா? அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடை நாடு முழுக்க வந்து, நடுவில் விலக்கப்பட்டு, 2006-இல்தான் மறுபடி வந்தது. இன்று வீட்டுக்கு வரும்போது உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்கவேண்டும். காங்ராவில் தொடங்கியதிலிருந்து 2006 வரை எண்ணினால் ஐம்பது வருஷம். அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது என்று இதனால்தான் சொல்கிறேன்.

வேகமாகவும் சில சமயம் நடக்கும். 2020 மே, ஜூனில் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் முன்னின்று, 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களில் சுமார் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தது. கொரோனா தொற்றியதன் அடையாளம் இருந்தவர்கள் 0.73 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரிகிறதா? நாட்டுக் கணக்காக்கினால், மே மாதத் தொடக்கத்திலேயே 64 லட்சம் பேர். அந்த நேரத்தில் அரசுப் பட்டியலில் இருந்தவர்கள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அங்கேயும் அதே கேள்விதான்: பட்டியலில் யார் இல்லை?

இனி படிப்பு. எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று உன் அப்பா நினைக்கிறார். அவருக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. நம் பக்கத்திலேயே, ஜிப்மரை ஒட்டி, 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலிருந்து வழிநடத்தி, பத்மஸ்ரீ வாங்கிய பி.கே. ராஜகோபாலன் மருத்துவர் அல்லர், பூச்சியியல் விஞ்ஞானி. கியாசனூர் காட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளைத் தேடுவதில் தொடங்கியவர், புதுச்சேரிக்கு வந்து யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்தும் வேலையில் இறங்கினார். அந்த மையத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. உண்டு. பல்கலைக்கழகம் எங்கே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூனிமேட்டில் புதுச்சேரி பஸ் ஏறினால் காலாப்பட்டில் கண்ணில் படும்.

விலங்கியல், புள்ளியியல், நர்சிங், மருத்துவம் எதில் இளநிலை முடித்தாலும், அடுத்துப் பொதுச் சுகாதார முதுநிலை என்ற எம்.பி.எச். இருக்கிறது. ஜிப்மரில், அயப்பாக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நடத்துகிறார்கள். யாரைச் சேர்க்கிறார்கள் என்ற விதி இடத்துக்கு இடம் வேறு, அதனால் அறிவிப்பை வரி விடாமல் படி. என்னைக் கேட்டால் புள்ளியியல் எடு என்பேன். உடற்கூறை யார் வேண்டுமானாலும் பிறகு உனக்குச் சொல்லித் தரலாம். கணக்குப் பழக்கம் இளமையில் தொடங்கினால்தான் கைவரும்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் பலருக்குக் கிடைப்பது புராஜெக்ட் வேலைதான். நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒரு ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதி, நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கி, களத்துக்குப் போய், எழுதி, கட்டுரை வெளிவர வருஷக்கணக்கில் ஆகும். ரத்தம் கொடுத்தவர் ‘என்னாச்சும்மா என் ரிசல்ட்டு?’ என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்கும் ஆராய்ச்சி எனக்குப் பிடிக்காது. முடிவைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அந்த ஊர்க்காரர்களிடம் தமிழில் சொல்லவேண்டும் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

உப்பளத்துக்கு வழி பிறக்கவே இல்லை என்றும் நினைக்காதே. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் வெயிலால் ஒரேயடியாகச் சாய்ந்தவரைத்தான் பேரிடர்க் கணக்கு எளிதில் பார்க்கும். பத்து, பதினைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகம் போனவரை யார் அதில் சேர்ப்பது? இதுபோன்ற பாதிப்பு ஆந்திராவின் உத்தானத்தில், இலங்கையின் ரஜரட்டையில், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் வெயில் மட்டும்தான் காரணமா, தண்ணீரா, பூச்சிமருந்தா என்று இன்னும் தீர்ந்தபாடில்லை. தீர்த்துவைக்க ஆள் வேண்டும்.

உனக்கு ஒரு கணக்கு தருகிறேன். யானைக்கால் நோயின் நுண்புழு பகலில் ரத்தத்தில் அகப்படாது. இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். கூனிமேடு குப்பத்தில் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்த உன்னை அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள். இரவு கடலுக்கு வலை போடப் போனவர்களை எப்படிச் சேர்ப்பாய்? அவர்களை விட்டுவிட்டால் உன் எண் எந்தப் பக்கம் சாயும்? யோசித்து எழுதி அனுப்பு. கல்லூரி விண்ணப்பத்தை அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அத்தை