செருகுநிரற் பதிவும் பதிவு நீக்கமும்

கல்லூரியிற் சேரும் மாணாக்கனின் பெயர் சேர்விடாப்பில் எழுதப்பெறுகின்றது. அவன் விலகுங்கால் விடுகைப் பத்திரம் வழங்கப்பெற்று, இடாப்பிலும் அது குறிக்கப்பெறுகின்றது. அங்ஙனம் குறியாது விடின், ஆசிரியர் நாடோறும் இல்லாதவன் பெயரை அழைத்துக்கொண்டேயிருப்பார். கணினியிலும் இத்தகைய இடாப்பொன்று உண்டு. விண்டோஸ் பதிவேடு என்பது அதுவே. மென்பொருள் ஆக்கப் புகும் இளைய மாணாக்கர் சேர்க்கும் முறையை விரைந்து கற்கின்றனர். நீக்கும் முறையைக் கற்பார் சிலரே.

இதனை யாம் பட்டே அறிந்தோம். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டுதற்கென எக்செல் செருகுநிரலொன்றை முன்னர் ஆக்கினோம். ஆக்கத்தினிடையே அதன் பெயரையும் கோப்புறையையும் மாற்றினோம். பழைய பதிவை நீக்கினோமல்லோம். பழையதும் புதியதும் ஒருங்கே இயங்கி, செய்முறைப் புள்ளிகளை இருமுறை கூட்டிவிட்டன. அறிக்கைகள் மாணாக்கர் கையிற் சேருமுன் ஆசிரியரொருவர் தம் கையாற் கூட்டிப் பார்த்தமையாற் பிழை வெளிப்பட்டது. அவர் பாராதிருப்பின் உரியவர்க்குரிய இடம் பிறர்க்குப் போயிருக்கும்.

இனி, பதிவு நிகழுமாற்றை நோக்குவாம். ஒபிஸ் 2000 முதலாகக் கொம் செருகுநிரல்கள் வழங்கி வருகின்றன. டொட்நெற் பிறேம்வேர்க்கில் எழுதப்பெற்ற அத்தகைய நிரலுக்கு இரு பதிவுகள் வேண்டும். முதலாவது, வகுப்பின் அடையாளப் பதிவு. றெக்அசம் என்னுங் கருவி இதனைச் செய்கின்றது. ஜி.யு.ஐ.டி. என்னும் 128 பிற்று எண்ணும், புறொக்ஐடி என்னும் பெயரும் இதன்கண் எழுதப்பெறும். கோட்பேஸ் என்னுந் தெரிவைச் சேர்ப்பின், டி.எல்.எல். கோப்பு இருக்கும் இடமும் உடன் எழுதப்பெறும். இரண்டாவது, எக்செலுக்குரிய பதிவு. பதிவேட்டில் எக்செலுக்குக் கீழுள்ள அடின்ஸ் என்னும் பகுதியில், அப்புறொக்ஐடியின் பெயரால் ஒரு சாவி அமைத்தல் வேண்டும். அதனுள் லோட்பிகேவியர் என்னும் பெறுமானம் 3 ஆயின், எக்செல் திறக்குந்தோறும் நிரல் ஏறும். ஏறுங்கால் வழு நேரின் அது 2 ஆக மாறக்கூடும். பின்னர் நிரல் தானாக ஏறாது. பலர் நிரலைப் பழித்துப் பொழுது கழிப்பது, இவ்வெண்ணைப் பாராமையினாலேயாம்.

பதியுங்கால் மறத்தலாகாதன இரண்டு. ஒன்று, ஜி.யு.ஐ.டி. எண்ணை நிரலினுள் நாமே எழுதி நிலைப்படுத்தல். அதனைத் தானாகத் தோன்ற விடின், பதிப்பெண் மாறுந்தோறும் புதிய எண் பிறக்கக்கூடும்; பழையன பதிவேட்டில் அநாதையாய்க் கிடக்கும். மற்றொன்று, 32 பிற்று ஒபிசுக்கு 32 பிற்று றெக்அசத்தையும், 64 பிற்று ஒபிசுக்கு 64 பிற்று றெக்அசத்தையும் பயன்படுத்தல். மாறிப் பதியின், எழுதியது ஓரிடமும் எக்செல் தேடுவது வேறிடமும் ஆகும்.

இனி, நீக்கும் ஒழுங்கு. முதற்கண் எக்செலை முற்றாக மூடுதல் வேண்டும். சாளரம் மறைந்த பின்னரும் செயன்முறை பின்னணியில் நிற்பதுண்டு; அது நிற்குமளவும் டி.எல்.எல். கோப்பு பூட்டுண்டிருக்கும். அடுத்து, றெக்அசத்தைப் பதிவு நீக்கத் தெரிவுடன், பதிந்த அதே கோப்பின்மீது இயக்குதல் வேண்டும். எதனை நீக்குவது என்பதை அக்கருவி அக்கோப்பினின்றே அறிகின்றது. ஆதலின் கோப்பை முன்னரே அழித்தவன், விடுகைப் பத்திரம் எழுதுமுன் இடாப்பை எரித்தவனை ஒப்பான்; பின்னர் ஒவ்வொரு சாவியையும் கையாற் றேடல் வேண்டும். எக்செலுக்குரிய சாவியையோ றெக்அசம் தானாக நீக்காது. பதியும்போது எழுதவும் நீக்கும்போது அழிக்கவும் இரு செயற்கூறுகளை நிரலினுள்ளேயே அமைத்தல் நன்று. கோப்பை அழித்தல் எல்லாவற்றிற்கும் ஈற்றிலேயே நிகழ்தல் வேண்டும்.

விசுவல் ஸ்ரூடியோவின் வி.எஸ்.ரி.ஓ. திட்டங்களில் இத்தொல்லை குறைவு. திட்டத்தைக் கட்டுங்கால் நிரல் தானே பதியப்பெறும். கிளீன் என்னுங் கட்டளையிட, அப்பதிவு நீங்கும். ஆயினும் திட்டத்தின் பெயரை மாற்றுமுன் அக்கட்டளையை இடுதல் கடன்.

நீக்கிய பின்னர்ச் சோதித்தலும் வேண்டும். பதிவேட்டிற் புறொக்ஐடியையும் ஜி.யு.ஐ.டி.யையும் தேடுக, இரண்டும் அகப்படாவிடின் நீக்கம் நிறைவுற்றது. ஆக்கிய கணினியிற் சரியாய் இயங்குவது, அங்குள்ள பழைய பதிவின் தயவாலும் ஆகலாம். ஆதலின் முன்னர் எதுவும் பதியாத கணினியொன்றிலே பதிந்து, இயக்கி, நீக்கிப் பார்த்த பின்னரே பிறர்க்கு வழங்குதல் தக்கது.

பிறர் கணினியிற் புகுவோன் விருந்தினனை ஒப்பான். வந்த சுவடின்றி விடைபெறும் நிரலையே மக்கள் மறுமுறையும் நம்பி ஏற்பர் என்பது எம் துணிபு.