உள்காற்றும் வெளிக்காற்றும்

மும்பையில் தாராவிப் பகுதியில் எங்கள் வீடு. இங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறோம். இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் எழுத்தறிவு வகுப்பு நடக்கும். நான் அங்கே பாடம் சொல்லித் தருகிறேன்.

வகுப்புக்கு வரும் அண்ணன் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். தாதரில் ஆட்களை ஏற்றுவார். புனேவில் இறக்குவார். ஒரு நாள் முகம் வாடி வந்தார்.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நேத்து பிழைச்சது மறுபிழைப்பு தங்கச்சி. லோனாவாலா பக்கத்தில் கண் சொக்கிப்போச்சு. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிச்சார். முழிச்சுக்கிட்டேன். வண்டியில் என்னோடு சேர்த்து அஞ்சு பேர். பகலில் நல்லாத் தூங்கித்தான் வண்டி எடுத்தேன்."

"கார் கண்ணாடி திறந்திருந்ததா?"

"இல்லை. ஏ.சி. போட்டிருந்தேன்."

மறுநாள் அவர் காரில் உட்கார்ந்து பார்த்தோம். ஏ.சி. அருகே ஒரு பொத்தான். அதில் கார் படம். காருக்குள்ளேயே ஓர் அம்பு வளைந்து திரும்புகிறது. பொத்தானில் விளக்கு எரிந்தது.

"வண்டி வாங்கின நாளிலிருந்து இது எரியுது. அணைச்சா குளிர் போயிடும்னு சொன்னாங்க" என்றார் அண்ணன்.

இந்தப் பொத்தான் என்ன செய்கிறது?

பொத்தானை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழியை ஒரு சிறு கதவு மூடிவிடும். காருக்குள் இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். இது உள்காற்று. பொத்தானை அணைத்தால் அந்தக் கதவு திறக்கும். வெளியிலிருந்து புதுக் காற்று வரும். இது வெளிக்காற்று. சில கார்களில் இதற்குத் தனிப் படம் இருக்கும். அதில் அம்பு வெளியிலிருந்து உள்ளே வரும்.

"ஏ.சி.தான் ஓடுதே, புதுக் காத்து வராதா?" என்று அண்ணன் கேட்டார்.

வராது. ஏ.சி. காற்றைக் குளிர வைக்கும். காற்றைப் புதிதாக்காது.

நாம் மூச்சு விடும்போது கரியமில வாயு வெளியே வருகிறது. வெளிக்காற்றில் 10,000 பங்கில் அது சுமார் 4 பங்குதான். நாம் விடும் மூச்சில் சுமார் 400 பங்கு. ஐந்து பேர் மூடிய காரில் ஒரே காற்றை மூச்சு விட்டால் என்ன ஆகும்? அந்த வாயு ஏறிக்கொண்டே போகும். தலை கனக்கும். கொட்டாவி வரும். கவனம் குறையும்.

அண்ணன் கண் சொக்கியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தூக்கம் வந்தால் பொத்தானை நம்பக் கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஓய்வு எடுக்க வேண்டும்.

எப்போது எது?

வெயிலில் நின்ற கார்: முதலில் கண்ணாடிகளைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு மூடி, ஏ.சி.யும் உள்காற்றும் போடுங்கள். சீக்கிரம் குளிரும். குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

சுரங்கப் பாதை, லாரிப் புகை, தூசி: உள்காற்று போடுங்கள். அந்த இடம் தாண்டியதும் மறக்காமல் மாற்றுங்கள்.

மழைக்காலம்: கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்தது போல் மங்கும். அது நம் மூச்சின் ஈரம். வெளிக்காற்றும் ஏ.சி.யும் போட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் மங்கினால் வைப்பர் போடுங்கள். குளிரைக் குறையுங்கள்.

நீண்ட பயணம்: வெளிக்காற்றே நல்லது. ஊரெங்கும் புகை என்றால் உள்காற்று போடலாம். ஆனால் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்று விட வேண்டும்.

எச்சரிக்கை

மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்காதீர்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உள்காற்றுப் பொத்தான் இதிலிருந்து காப்பாற்றாது.

அன்று இரவு வகுப்பில் அண்ணன் ஒரு சிறு தாள் கேட்டார். மெதுவாக எழுதினார். 'விளக்கு எரிந்தால் உள். அணைந்தால் வெளி.' அதைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவர் தன் வேலைக்காக எழுதிய முதல் வரி அதுதான்.

பேசுவோம், எழுதுவோம்

1. அம்பு காருக்குள்ளேயே திரும்பினால் என்ன பொருள்?
2. மழையில் கண்ணாடியின் உள்பக்கம் ஏன் மங்குகிறது?
3. தூக்கம் வந்தால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் வேலையில் எந்தப் பொருளுக்கு இப்படி ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம்? எழுதிப் பாருங்கள்.