பிள்ளைகளின் விளையாட்டும் பெற்றோர் கடமையும்



பிள்ளை பசித்து அழுதால் பாலும் சோறும் கொடுக்கிறோம். உடம்பு சுட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வயது வந்ததும் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறோம். இவை நம் கடமைகள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், அதே பிள்ளை வீட்டு மூலையில் உட்கார்ந்து நான்கு தீப்பெட்டிகளை அடுக்கி விளையாடும்போது நமக்கு ஏதேனும் கடமை உண்டா? இதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதப் பாடத்தில் அதையே ஆராய்வோம்.

நம் வீட்டில் நடந்தது

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினோம். நடையை அடைத்துக்கொண்டு ஒரு பலகாரப் பெட்டி, ஏழெட்டுத் தீப்பெட்டிகள், இரண்டு காலி மருந்துப் போத்தல்கள், தண்ணீர் நிரப்பிய ஒரு கொட்டாங்கச்சி. நடுவில் நம் ஏழு வயது மகன். நம் கால் இடறித் தண்ணீர் கொட்டிவிட்டது. "ஓதுகிற நேரத்தில் என்ன குப்பை இதெல்லாம்? அள்ளி வெளியே போடு!" என்று சத்தம் போட்டோம். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் போட்டுவிட்டு வந்து ஓத உட்கார்ந்தான்.

இரவில் அவனுடைய உம்மா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. பலகாரப் பெட்டி பள்ளிவாசலாம். மருந்துப் போத்தல்கள் மினாராக்களாம். கொட்டாங்கச்சி, ஒளுச் செய்யும் ஹவுளாம். வாப்பா தொழுதுவிட்டு வந்ததும் காட்ட வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தானாம்.

அதன்பின் பல நாட்கள் வரை, வாசலில் நம் செருப்புச் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் பாயின் கீழே மறைத்துவிடுவான். அவன் அப்படி மறைப்பதைக் கண்ட பிறகே, செய்த தவறு நமக்கு உறைத்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட விதம்

இனி மதீனாவில் ஓர் இல்லத்தில் நடந்ததைப் பாருங்கள். அபூதாவூத் கிரந்தத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கும் நிகழ்ச்சி இது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பி வந்த சமயம். நீண்ட பயணம், களைப்பு. வீட்டு மாடத்தில் தொங்கிய திரையைக் காற்று விலக்கியது. உள்ளே அன்னையாரின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. இவை என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். தம் பெண்பிள்ளைகள் என்று அன்னையார் பதில் கூறினார்கள்.

அப்பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை; அதற்குத் துணித் துண்டுகளால் இரண்டு சிறகுகள். நடுவில் நிற்பது என்ன, அதன் மேலே இருப்பது என்ன என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். குதிரைக்கும் சிறகு உண்டா என்று வியப்போடு வினவியபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அதைக் கேட்டு, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள்.

இதில் பெற்றோருக்கு மூன்று படிப்பினைகள் உள்ளன.

முதலாவது, அண்ணலார் வினவினார்கள். எடுத்த எடுப்பில் ஏசவில்லை; தீர்ப்புச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது, ஒரு பதிலோடு நிறுத்தாமல் மேலும் மேலும் கேட்டார்கள். விளையாடுபவரின் மனத்தில் இருப்பது முழுவதும் வெளியே வர இடம் கொடுத்தார்கள்.

மூன்றாவது, மகிழ்ந்தார்கள். சிறகு வைத்தது பிழை என்று அதைப் பிய்த்தெறியச் சொல்லவில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். அந்தக் குதிரைக்குச் சிறகு எங்கிருந்து வந்தது? காதால் கேட்ட ஒரு வரலாறும் கையில் கிடைத்த துணித் துண்டும் சேர்ந்து அதை உண்டாக்கின. இல்லாமையிலிருந்து படைப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் தந்த பொருள்களையும் நாம் கேட்டறிந்த செய்திகளையும் இணைத்துப் புதியதொன்றை அமைக்கும் ஆற்றலையே ஆக்கத் திறன் என்கிறோம். அதுவும் அவன் அளித்த அமானிதமே.

உருவப் பொம்மை கூடுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். உருவங்கள் பற்றிய தடையிலிருந்து சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகள் விலக்குப் பெற்றவை என்றும், பின்னாளில் வீட்டையும் மக்களையும் பேணுவதற்கு அவை பயிற்சியாகும் என்றும் காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் கூறியதை, முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டியுள்ளார்கள்.

கம்பளியில் செய்த பொம்மைகள்

விளையாட்டுப் பொருள்களைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? ருபையிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆஷூரா நாளில் தாங்கள் நோன்பு நோற்று, சிறு பிள்ளைகளையும் நோற்கச் செய்ததாகவும், அவர்களுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொம்மைகள் செய்து வைத்ததாகவும், உணவு கேட்டு அழும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை ஆற்றியதாகவும் அவர்கள் கூறுகிறார்கள். வணக்கத்தைப் பழக்கிய தாய்மார்களே தம் கையால் பொம்மையும் செய்தார்கள். மார்க்கத்தையும் விளையாட்டையும் அவர்கள் எதிரிகளாகக் கருதவில்லை.

அறிஞர்கள் கண்ட உண்மை

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். ஓதிவிட்டு வரும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தையே சுமத்தினால் அவன் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, தப்பிக்க ஏதேனும் தந்திரம் தேடுவான் என்பது அவர்கள் கருத்து.

பல நூற்றாண்டுகள் கழித்து, ஜெர்மனி நாட்டுக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். குழந்தைக்கு முதலில் அவர் கொடுக்கச் சொன்னவை கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். அடுத்து மர உருண்டையும் கட்டையும். அதன்பின் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கட்டை. எட்டே கட்டைகளால் குழந்தை வீடும் கட்டும், பாலமும் கட்டும், நாற்காலியும் செய்யும். பொருள் எளிமையாக இருந்தால் குழந்தையின் சிந்தனைக்கு வேலை கிடைக்கிறது. விசையை முடுக்கினால் தானே ஓடும் பொம்மையைக் குழந்தை சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். இன்று அழும் பிள்ளையின் கையில் நாம் திணிக்கும் செல்போனும் அத்தகையதே.

வீட்டில் செய்யத்தக்கவை

1. ஒரு பழைய பெட்டி ஒதுக்குங்கள். வெறும் தீப்பெட்டி, நூல்கண்டுக் கட்டை, அட்டை, துணித் துண்டு, கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கழுவித் துடைத்து அதில் போட்டு வையுங்கள். அது பிள்ளையின் சொத்து. கேட்காமல் அதை எறியாதீர்கள்.

2. அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாம்பு, கிண்ணம், பிறை எதுவும் செய்யட்டும். முடிவில் அதைத் தட்டிச் சுட்டுத் தின்னக் கொடுத்துவிட்டால் உணவும் வீணாகாது.

3. தென்னை ஓலையில் காற்றாடி, ஊதல், கைக்கடிகாரம் செய்யவும், சாப்பிட்ட நுங்கின் கூட்டில் குச்சி செருகி வண்டி செய்யவும் கற்றுக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இக்கலை இன்னும் இருக்கிறது. நாம் கேட்டு வாங்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.

4. இரண்டு நாற்காலிகளின் மேல் பழைய கைலியை விரித்துக் கொடுத்தால் அது கூடாரமாகும், கப்பலாகும், கடையாகும். எது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

5. இரவில் காகம், அணில் கதை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, பிறகு என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். ஆனால், நபிமார்கள், ஸஹாபாக்களின் வரலாற்றைச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும். அங்கே கற்பனைக்கு இடமில்லை. இந்த வேறுபாட்டையும் பிள்ளை அறிந்துகொள்ளும்.

கவனத்தில் கொள்க

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, சோழி, பொத்தான் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது, விழுங்கிவிட்டால் மூச்சடைக்கும். தீக்குச்சியும் உடையும் கண்ணாடியும் பெட்டியில் இருக்கக் கூடாது. பந்தயம் வைத்து ஆடப் பழக்க வேண்டாம். பாங்கு கேட்டால் விளையாட்டை நிறுத்தவும், முடிந்ததும் தானே எடுத்து வைக்கவும் பழக்குங்கள். பாதி கட்டியதைக் கலைக்கச் சொல்லாமல், தொழுதுவிட்டு வந்து தொடரலாம் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை முகம் சுளிக்காமல் ஒளுச் செய்ய எழுந்து வரும்.

ஆண்பிள்ளை செய்ததைப் புகழ்ந்து பெண்பிள்ளையை வேலைக்கு ஏவுவதும் தவறு. சிறகுள்ள குதிரையை வைத்திருந்தவர் ஒரு பெண்மணி என்பதை மறக்க வேண்டாம்.

மீண்டும் நம் வீட்டுக்கு வருவோம். தவறு உறைத்த பின் ஒரு மாலை, மகன் அருகே பாயில் போய் உட்கார்ந்தோம். பாயின் ஓரத்தில் ஓர் அட்டைத் துண்டு எட்டிப் பார்த்தது. "இது என்ன வாப்பா?" என்று மெதுவாகக் கேட்டோம். உடனே அவன் பதில் சொல்லவில்லை. கோபமா என்று அறிய முதலில் நம் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு அதை வெளியே இழுத்து, "படகு" என்றான். "யார் போகிற படகு?" என்றோம். அன்று மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அவன் பேச்சு நிற்கவில்லை.

நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும், அவர்கள் அச்சமின்றி அருகே வரத்தக்க பெற்றோராக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.