கல்லூரியில் பாலியல் புகாரும் பெயர் காத்தலும்

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அவர் அஞ்சாது புகார் அளித்தார். ஆயினும் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியாகி, சட்டப்படி மறைக்கப்பட வேண்டிய அவரது விவரங்கள் பரவின. இதன் பொருட்டு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியான பெயரை மீட்க எந்தத் தீர்ப்பாலும் இயலாது. இதைக் காணும் வேறொரு மாணவி புகார் தர முன்வருவாரா என்பதே கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு கல்லூரியிலும் மூத்த பெண் பேராசிரியர் தலைமையில் உள் புகார்க் குழு அமைக்கப் பணிக்கின்றன. வெளியார் ஒருவர் உண்டு. மாணவர் தொடர்பான புகாராயின் மாணவர் மூவரும் இடம்பெறுவர். முதல்வர் உறுப்பினராதல் கூடாது. (இது பலர் அறியாத விதி.) மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், விசாரணை 90 நாளில் முடிதல் வேண்டும்.

விதி எழுதுவது எளிது. மாணவியின் பெயரெழுதிய சீட்டைக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்து, பாடவேளையில் வகுப்பறைக்கே அனுப்பி அழைப்பிக்கும் பழக்கத்தைக் கல்லூரி அலுவலகங்கள் முதலில் கைவிட வேண்டும்.