ரசீதில் யார் பெயர்?

திருவண்ணாமலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கோர்ட்டு திறந்த வாரம் என்பதால் உட்கார்ந்து எழுத நேரமில்லை. "பிள்ளைகளிடம் தப்பாக நடந்த சாமியாரையோ பாதிரியாரையோ பிடித்து உள்ளே போடுவது சரி மாமா, அவரை அனுப்பிய சபை மேலேயும் மடத்து மேலேயும் எதுக்குக் கேஸ்?" என்று கேட்டிருந்தாய். சட்டக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். நான் வக்கீல் இல்லை, முப்பது வருடமாகக் கட்டுச் சுமக்கும் குமாஸ்தா. அதனால் கட்டுக்குள் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். எனக்கு ஒன்பது வயதில் உன் தாத்தா என்னை மலையிலிருந்து கீழ்நாட்டில் ஒரு விடுதியில் சேர்த்தார். மத நிறுவனம் ஒன்று நடத்திய விடுதி. பெயர் வேண்டாம். தோளில் அரை மூட்டை சாமை, கையில் என் தகரப் பெட்டி. ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். அடுத்த ஆறு மாதம் அவர் கேரளத்தில் கூலி வேலையில் இருந்தார். அந்த ஆறு மாதம் எனக்கு அப்பன் யார்? மை காயாத அந்தத் தாளை வாங்கிப் பீரோவில் வைத்தவர்கள்தான். சட்டத்தில் 'கவனிக்கும் கடமை' என்று நீ படிக்கப்போவது இதைத்தான்.

அந்த விடுதியில் ஒருவர் இருந்தார். ராத்திரியில் சின்னப் பையன்களைக் கால் பிடிக்கக் கூப்பிடுவார். யாரைக் கூப்பிடுவார், போனவன் ஏன் மறுநாள் பேசமாட்டான் என்பதெல்லாம் சமையல்காரர் வரைக்கும் தெரியும். ஒரு நாள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் அன்றைக்குக் கொண்டாடினோம். அந்த வேறு ஊரிலும் பையன்கள் இருப்பார்களே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்ட பெரியவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேஸ் அந்தக் கையெழுத்தின் மேல்தான், அம்மாடி.

நம் தமிழ்நாட்டு ஆள் ஒருவரின் கதையிலேயே இது அப்படியே இருக்கிறது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு, குரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணியாற்றப் போனார். 2005இல் ஊர் திரும்பினார். அதன் பிறகுதான் அங்கே சிறுமிகளிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்கள் வெளியே வந்தன. அமெரிக்காவில் அவர் மேல் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, இங்கே மறைமாவட்டக் கல்வி அலுவலகத்தில் பள்ளிகளுக்கான ஆசிரியர் நியமன வேலைகளைப் பார்க்கிறார் என்று 2010இல் செய்தி வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. 2012இல் ஈரோட்டில் கைதானார். 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஒரு வருடமும் ஒரு நாளும். அதையும் காவலில் இருந்த நாட்களில் கழித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 2016 தொடக்கத்தில் ஊட்டி ஆயர், ரோமாபுரியைக் கலந்தபின், அவர் மேலிருந்த பணி இடைநீக்கத்தை விலக்கினார்.

பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர், சம்பவத்தின்போது பதினான்கு வயது, இரண்டு முறை சிவில் கோர்ட்டுக்குப் போனார். முதல் வழக்கில் குரூக்ஸ்டன் மறைமாவட்டம் 2011இல் 7,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. இடைநீக்கம் விலகியதும் 2016 ஏப்ரலில் ஊட்டி மறைமாவட்டத்தின் மேலேயே அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிராது கொடுத்தார். பாதிரியாரின் கிரிமினல் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் 'இவரை அனுப்பும்போது விசாரித்தீர்களா? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? இப்போது எந்த தைரியத்தில் திரும்ப எடுத்தீர்கள்?' என்ற மூன்று கேள்வியை அந்தக் கிரிமினல் கோர்ட்டில் யாரும் கேட்கவே இல்லை. கிரிமினல் வழக்கு பெரும்பாலும் செய்தவனோடு நின்றுவிடும். அவனுக்கு இடம் கொடுத்தவனைக் கூண்டுக்கு அழைக்கப் பல நேரம் சிவில் பிராதுதான் வழி.

பணம் ஒரு பக்கம். இதே குரூக்ஸ்டன் மறைமாவட்டம் 2019இல் பதினைந்து பேருக்குச் சேர்த்து 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டபோது, பூட்டிவைத்த கோப்புகளையும் வெளியிட வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஆயர், புகார் விசாரணைகளில் குறுக்கிட்டார் என்ற குற்றச்சாட்டை வத்திக்கான் விசாரித்தது. 2021இல் அவர் பதவி விலகினார். பிராது போடாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்புகளை எலிதான் படித்திருக்கும்.

இதை ஒரு மதத்தின் வியாதி என்று நினைத்துவிடாதே. ஆசாராம் பாபுவுக்கு 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தபோது, சிறுமி படித்த குருகுலத்தின் இயக்குநரையும் விடுதிக் காப்பாளரையும் சேர்த்தே தண்டித்தது. கேரளத்தின் கொட்டியூர் வழக்கு வேறு விதம். 2019இல் பாதிரியாருக்குத் தலச்சேரி நீதிமன்றம் இருபது வருடம் விதித்தது (உயர் நீதிமன்றம் பிறகு பத்தாகக் குறைத்தது). மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட மற்ற ஆறு பேரும் விடுதலை. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், நூலிழை அறுந்தாலும் கேஸ் போச்சு. சிவிலில் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தாய். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். 'எவரும்' என்றால் ஆயர், மடாதிபதி, ஹஸ்ரத் எல்லோரும்தான். 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை அடிக்கோடிட்டு வை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் இருந்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. மத நிறுவனத்தையோ கல்வி நிறுவனத்தையோ சேர்ந்தவர் குற்றம் செய்தால் அது சாதாரணக் குற்றம் இல்லை, கடுங்குற்றம். பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் போன் போட்டாலும் எடுப்பார்கள்.

சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும், வழக்கு முடியுமுன் இடைக்கால இழப்பீடும் உண்டு. ஆனால் அந்தப் பணம் வருவது அரசின் நிதியிலிருந்து. அதாவது, நீயும் நானும் தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரி. ஆளை அனுப்பிய நிறுவனத்தின் கஜானாவிலிருந்து ஒரு காசு அசையாது. எனக்கு இது பல வருடமாக நெஞ்சில் உறுத்துகிறது.

சரி, நிறுவனத்தின் மேல் சிவில் பிராது போட நம் ஊரில் என்ன தடை? முதல் தடை காலக்கெடு. 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரி வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம். மைனர் என்றால் பதினெட்டு முடிந்த பிறகு மூன்று வருடம். ஆக, இருபத்தொன்றாவது வயதோடு கதவு சாத்திவிடும். நடந்ததை வாயைத் திறந்து சொல்லவே முப்பது, நாற்பது வயது ஆகிறவர்கள் இருக்கிறார்கள். நானே ஐம்பத்தைந்தில்தான் உனக்கு இதை எழுதுகிறேன். மினசோட்டாவில் 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய சம்பவங்களுக்கும் மூன்று வருடம் கதவைத் திறந்து வைத்தார்கள். நம் சட்டமன்றத்திலும் யாராவது ஒரு நாள் இதைப் பேச வேண்டும்.

இரண்டாவது, கோர்ட்டுக் கட்டணம். ஏழரை சதவீதமாக இருந்ததை 2017இல் மூன்றாகக் குறைத்தார்கள். பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். சாமை விற்றுக் கட்டுகிற காசா அது? அதற்குத்தான் 'பாப்பர் ஓ.பி.' என்று நாங்கள் சொல்வது, வறியவராக வழக்குத் தொடுக்கும் மனு. வக்கீலுக்கும் பணம் வேண்டாம். 1987ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்பிள்ளைக்கு இந்த மூன்று தகுதியும் ஒரே ஆளில். கேட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது தடைதான் பெரியது. யார் மேல் கேஸ்? ஆஸ்திரேலியாவில் ஜான் எல்லிஸ் என்பவர் சிறுவயதில் தன்னைச் சிதைத்த பாதிரியாரின் குற்றத்துக்காக சிட்னி பேராயத்தின் மேல் வழக்குப் போட்டார். 2007இல் நீதிமன்றம் சொன்னது: சபை என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளே இல்லை. சொத்து டிரஸ்டிகள் பெயரில் இருக்கிறது, அவர்கள் பாதிரியாரை நியமிக்கவில்லை. ஆகவே வழக்குப் போட யாருமே இல்லை. தேவாலயம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, பிரதிவாதி மட்டும் இல்லை! ஊர் காறித் துப்பிய பிறகு, 2018இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சட்டத்தை மாற்றி அந்த ஓட்டையை அடைத்தது.

இதற்கு நேர்மாறாக, 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் பேஸ்லி வழக்கில் ஒன்று சொன்னது. குழந்தைகள் இல்லம் ஒன்று, அதன் ஊழியர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, படுக்க வைப்பார். அந்த அதிகாரத்தை அவர் கையில் கொடுத்ததே இல்லம். எனவே இல்லம் நல்லெண்ணத்தோடுதான் நடந்தது, கவனக்குறைவே இல்லை என்றாலும் அவர் செய்த தப்புக்குப் பொறுப்பு அதற்கு உண்டு. இதுவும் கவனக்குறைவும் வேறு வேறு, பரீட்சையில் குழப்பாதே. கவனக்குறைவு என்றால் நிறுவனத்தின் சொந்தத் தப்பு: விசாரிக்காமல் எடுத்தது, தெரிந்தும் மாற்றிவிட்டது. கனடாவில் சொன்னது, ஊழியன் தப்புக்கு முதலாளி பொறுப்பு. நம் விடுதிகளுக்கு எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ராத்திரி கால் பிடிக்கக் கூப்பிடும் அதிகாரம் அந்த ஆளுக்கு எங்கிருந்து வந்தது?

ஆக, தாள் சேர்க்கிற வேலையை முதலில் கற்றுக்கொள். பள்ளியை நடத்துவது பதிவு பெற்ற சங்கமா, டிரஸ்ட்டா? விடுதிக்கு 2014ஆம் வருடத்துத் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி கலெக்டர் உரிமம் இருக்கிறதா? அந்த ஆள் எந்தத் தேதியில் வந்தார், எந்தத் தேதியில் மாற்றப்பட்டார்? யாராவது முன்பே புகார் எழுதினார்களா? எழுதியிருந்தால் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு சீல் இருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் அந்த நீலச் சீலுக்காகத்தான் ஜன்னலில் ஒரு மணி நேரம் நிற்கிறோம். 'எங்களுக்குத் தெரியாது' என்று பின்னால் எழுதிக் கொடுக்கிற பதிலுரையை அந்தச் சீல் ஒன்றே கவிழ்த்துவிடும்.

வர வெள்ளிக்கிழமை நான் ஜமுனாமரத்தூர் வருகிறேன். உன் தம்பி விடுதிக்குப் பணம் கட்டிய ரசீது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும், எடுத்து வை. மேலே கொட்டை எழுத்தில் பள்ளிப் பெயர் இருக்கும், அதை விடு. கீழே பொடி எழுத்தில் யார் பெயரும் பதிவு எண்ணும் அச்சடித்திருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். என் கண்ணாடியைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா