கழகம் யாருடையது? – ஆதரவாளர் அமைப்பும் கழக உரிமையும்

(வணிகக் கல்வி, குடியுரிமைக் கல்வி ஆகிய இரு பாடங்களுக்குமான மேலதிக வாசிப்பு)



தனிவணிகம், பங்குடைமை, கம்பனி, கூட்டுறவுச் சங்கம் ஆகிய வணிக அமைப்புகளை நீங்கள் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். அவற்றின் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்து ஒப்புவிப்பது கடினமன்று. ஆனால் "இந்த அமைப்பில் தீர்மானம் எடுப்பவர் யார்? அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?" என்று வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் பலருக்குப் பேனை நின்றுவிடுகின்றது. அந்தத் தடையை நீக்கவே இப்பாடம். உதாரணமாக நீங்கள் விரும்பும் உதைபந்தாட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,

• இரசிகர், உறுப்பினர், பங்குதாரர் ஆகியோரை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• "ஒரு பங்குக்கு ஒரு வாக்கு", "ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு" என்பவற்றின் விளைவுகளை ஒப்பிடுவீர்கள்.
• ஆதரவாளர் அமைப்பு ஒன்று கழக உரிமையாளருடன் எவ்வாறு தொடர்புபடுகின்றது என்பதை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.

1. மூவகையினர்

இரசிகர்: கழகத்தை நேசிப்பவர். நுழைவுச்சீட்டு வாங்குவார், மழையில் நனைந்தும் ஆட்டம் பார்ப்பார். ஆயினும் கழகத்தின் தீர்மானங்களில் அவருக்கு வாக்கு இல்லை.

உறுப்பினர்: சந்தா செலுத்திக் கழகத்தின் யாப்பை ஏற்றுக்கொண்டவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவருக்கு ஒரு வாக்கு உண்டு.

பங்குதாரர்: கழகம் ஒரு கம்பனியாக இயங்கும்போது அதன் பங்குகளை வாங்கியவர். சாதாரண பங்கு எத்தனை வைத்திருக்கின்றாரோ அத்தனை வாக்கு அவருக்கு உண்டு.

நினைவில் கொள்க: அன்பு உரிமையாகாது. உரிமை என்பது யாப்பிலோ பங்குப் பதிவேட்டிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. ஆதரவாளர் நம்பிக்கைப் பொறுப்பமைப்பு

இங்கிலாந்தில் பெரும்பாலான தொழில்முறைக் கழகங்கள் கம்பனிகளாகும். பங்குகளை வாங்கியவர் கழகத்தை நடத்துவார், விற்பார், கடனிலும் ஆழ்த்துவார். இதனால் பாதிக்கப்பட்ட இரசிகர்கள் ஒன்றுசேர்ந்து, கூட்டுறவுச் சங்கத்தை ஒத்த முறையில் பதிவுசெய்து நடத்தும் அமைப்பே ஆதரவாளர் நம்பிக்கைப் பொறுப்பமைப்பு ஆகும். அங்கு இதனை "சப்போட்டர்ஸ் டிரஸ்ட்" என்பர். இனி இதனைச் சுருக்கமாக ஆதரவாளர் அமைப்பு என்போம்.

"நம்பிக்கைப் பொறுப்பு" என்ற சொல் விளங்கவில்லையா? மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வண்ணக்கரை எண்ணிப் பாருங்கள். கோயிலின் திறப்பு அவர் கையில் இருக்கும். கணக்கும் அவர் பொறுப்பில் இருக்கும். ஆனால் கோயில் அவருடைய சொத்தன்று. ஊராரின் சார்பில் அவர் அதனைப் பேணுகின்றார். ஆதரவாளர் அமைப்பும் அவ்வாறே. அது வாங்கும் பங்குகள் எந்தத் தனியாளுக்கும் உரியனவல்ல. உறுப்பினர் அனைவருக்காகவும், இனி வரப்போகும் இரசிகர்களுக்காகவும் அவை பேணப்படுகின்றன.

இத்தகைய முதலாவது அமைப்பு 1992 இல் நோர்தாம்ப்டன் நகரக் கழகத்தில் தோன்றியது. கழகம் கடனில் மூழ்கியபோது இரசிகர்கள் பணம் திரட்டினர். ஆனால் திரட்டிய பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. பங்குகளையும் பணிப்பாளர் சபையில் இடத்தையும் பெற்றுக்கொண்டனர். முன்னைய நிதி சேகரிப்புகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. 2000 ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்புகளுக்கு ஆலோசனை வழங்க, பிரித்தானிய அரசின் ஆதரவுடன் தனி நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

3. கணக்கில் விளங்கிக்கொள்வோம்

ஒரு கழகக் கம்பனிக்கு 10 000 பங்குகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு செல்வந்தரிடம் 7000 பங்குகள் உண்டு. 600 உறுப்பினர்களைக் கொண்ட ஆதரவாளர் அமைப்பிடம் 3000 பங்குகள் உண்டு.

அமைப்பினுள் 600 பேருக்கும் தலைக்கு ஒரு வாக்கு. அதிக பணம் கொடுத்தவருக்கும் ஒரு வாக்கே. அங்கு எடுக்கப்படும் முடிவுடன் அமைப்பு கம்பனிக் கூட்டத்துக்குச் சென்று, தனது 3000 வாக்குகளையும் ஒரே பக்கம் இடும்.

(அ) சாதாரண தீர்மானம்: அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகள் போதும். செல்வந்தரிடம் 70% உண்டு. எனவே அவர் எண்ணியது நிறைவேறும்.

(ஆ) சிறப்புத் தீர்மானம்: கம்பனியின் உள்விதிகளை மாற்றுவது போன்றவற்றுக்கு இது தேவை. இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, அளிக்கப்பட்ட வாக்குகளில் 75% வேண்டும். செல்வந்தரின் 70% போதாது. அமைப்பு மறுத்தால் தீர்மானம் தோற்கும்.

ஆகவே 25% இற்கு மேற்பட்ட பங்குகள் ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்குக் கழகத்தை நடத்த முடியாவிட்டாலும் சில பெரிய மாற்றங்களைத் தடுக்க முடியும். 50% இற்கு மேல் இருந்தால் கழகத்தை நடத்தவே முடியும். இந்த இரு எல்லைகளையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். இனி வரும் உதாரணங்கள் எல்லாம் இவற்றைச் சுற்றியே அமைகின்றன.

4. உதாரணம் ஒன்று: கொல்கத்தா

நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் இந்தியாவில் உண்டு. மோகன் பகான் 1889 இலும் ஈஸ்ட் பெங்கால் 1920 இலும் ஆரம்பிக்கப்பட்ட கழகங்கள். 1911 இல் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் வீரர்கள் பிரித்தானியப் படையணி ஒன்றை 2-1 என வென்று கேடயம் பெற்றமை வரலாற்று நிகழ்வு. கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால் கழகம் விட்டுவந்த ஊரின் நினைவாயிற்று.

இவ்விரண்டும் உறுப்பினர்களுக்குரிய கழகங்கள். ஆனால் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடப் பெருந்தொகைப் பணம் தேவைப்பட்டது. 2020 இல் மோகன் பகானின் உதைபந்தாட்டப் பிரிவு ஏ.ரி.கே. கழகத்துடன் இணைந்தது. அந்தக் கம்பனியில் 80% முதலீட்டாளருக்கும் 20% மோகன் பகானுக்கும் உரியதாயிற்று. அதே ஆண்டில் ஈஸ்ட் பெங்கால் ஸ்ரீ சீமெந்து நிறுவனத்துடன் சேர்ந்தது. முதலீட்டாளருக்கு 76%, கழகத்துக்கு 24%.

இந்த எண்களை மேலேயுள்ள கணக்குடன் ஒப்பிடுங்கள். இந்தியாவிலும் சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 20%, 24% இரண்டுமே தடுக்கும் எல்லைக்குக் கீழே உள்ளன. 24 இற்கும் 26 இற்கும் இடையே வெறும் இரண்டு வீதமே என எண்ணவேண்டாம். ஒப்பந்தத்தில் தனியாகப் பாதுகாப்பு எழுதப்படாவிட்டால், "முடியாது" என்று சொல்லும் பலமே அந்த இரண்டு வீதத்திற்தான் இருக்கின்றது.

எனவேதான் 2021 இல் ஈஸ்ட் பெங்கால் நிர்வாகிகள் இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தனர். உறுப்பினரின் உரிமைகள் பறிபோகும் என்பது அவர்கள் வாதம். கையொப்பமிடாவிட்டால் அணி ஆடமுடியாது போகும் என்பது எதிர்த்தரப்பினரின் அச்சம். யூலை மாதத்தில் இரு சாரார் இரசிகர்களும் கழகத்தின் முன் திரண்டனர். பொலிசார் தடியடி நடத்தினர். அந்த இரசிகர்களில் உறுப்பினரல்லாதோருக்கு வீதியைத் தவிர வேறு வாக்குச்சாவடி இருக்கவில்லை. 2022 இல் அந்த முதலீட்டாளர் விலகினார். வேறொரு நிறுவனம் வந்தது.

மோகன் பகான் இரசிகர்களோ "ஏ.ரி.கே." என்ற எழுத்துகளைப் பெயரிலிருந்து நீக்கக் கோரி இடைவிடாது போராடினர். 2023 மார்ச்சில் அணி கிண்ணம் வென்ற இரவிலே பெயர் மாற்றத்தை உரிமையாளர் அறிவித்தார். இது இரசிகர்களின் வெற்றியே. ஆயினும் அது உரிமையாளரின் இணக்கத்தாற் கிடைத்தது. வாக்குப் பலத்தாற் பெறப்பட்டதன்று.

5. உதாரணம் இரண்டு: விம்பிள்டன்

இலண்டனின் விம்பிள்டன் கழகம் 1988 இல் லிவர்பூலை வென்று எவ்.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. 1991 இல் தனது மைதானத்தை விட்டு வெளியேறியது. 1997 இல் நோர்வே நாட்டுச் செல்வந்தர்கள் அதனை வாங்கினர். ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் என்னும் நகருக்குக் கழகத்தையே இடம்மாற்ற உரிமையாளர் தீர்மானித்தபோது இரசிகர்கள் எதிர்த்தனர். 2002 மே 28 இல் மூவர் கொண்ட ஆணைக்குழு இடமாற்றத்தை அனுமதித்தது. ஊரின் கழகம் ஊரைவிட்டுப் போயிற்று.

இரசிகர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. சில வாரங்களில் ஏ.எவ்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினர். பொதுத்திடலில் வீரர் தெரிவு நடத்தி, உள்ளூர்ச் சிறு லீக்கில் ஆடினர். உரிமையை "டோன்ஸ் டிரஸ்ட்" என்ற ஆதரவாளர் அமைப்பு வைத்துக்கொண்டது. 9 பருவங்களில் 5 தடவை தரமுயர்ந்து 2011 இல் தொழில்முறை லீக்கினுள் நுழைந்தனர். பழைய கழகம் வென்ற கிண்ணங்களும் 2007 இல் இலண்டனுக்குத் திரும்பி வந்தன.

சொந்த ஊரில் மைதானம் கட்டும் பணியில் பணம் முடைப்பட்டபோது, வெளி முதலீட்டாளருக்குப் பங்குகளை விற்பதா என்ற கேள்வி எழுந்தது. ஆதரவாளர்களுக்குக் கடன்முறி விற்று 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினர். கடன்முறி வைத்திருப்பவருக்கு வட்டி உண்டு, வாக்கு இல்லை. இவ்வேறுபாட்டை நீங்கள் கணக்கீட்டிலும் கற்பீர்கள். 2020 நவம்பரில் கழகம் தன் பழைய மைதானத்தின் அருகிலேயே புதிய மைதானத்தில் ஆடியது.

6. உதாரணம் மூன்று: போர்ட்ஸ்மவுத்

2008 இல் எவ்.ஏ. கிண்ணம் வென்ற இக்கழகம் 2010 இலும் 2012 இலும் கடனிறுக்க முடியாது நீதிமன்ற வழி நிர்வாகியின் பொறுப்பில் விழுந்தது. 2013 இல் ஆதரவாளர் அமைப்பும், கூடிய பணமிட்ட சில இரசிகர்களும் சேர்ந்து கழகத்தை வாங்கினர். ஒரு பங்கு 1000 பவுண். கூலித்தொழிலாளரும் தவணை முறையிற் சேமித்து வாங்கக்கூடிய வகையில் நண்பர்கள் கூடிப் பங்கு எடுக்கவும் வழி இருந்தது. கடன்கள் தீர்க்கப்பட்டன.

ஆனால் மைதானம் பழையது; திருத்தப் பெருந்தொகை வேண்டும். 2017 இல் அமெரிக்கச் செல்வந்தர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க முன்வந்தார். உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பெரும்பான்மையினர் விற்கச் சம்மதித்தனர்.

இது தோல்வியா? அவ்வாறு எழுதிவிடாதீர்கள். உரிமை என்றால் வைத்திருக்கும் உரிமை மட்டுமன்று. விற்பதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அதனுள் அடங்கும். விம்பிள்டன் இரசிகர்களை 2002 இல் எவரும் கேட்கவில்லை. போர்ட்ஸ்மவுத் இரசிகர்களைக் கேட்டுத்தான் விற்றார்கள். ஆனால் விற்ற பின் அந்த வாக்கு திரும்பாது என்பதையும் மறவாதீர்கள்.

7. சட்டத்தின் பாதுகாப்பு

ஜேர்மனியில் 1998 முதல் "50+1" விதி உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, கழகக் கம்பனியின் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் கழகத்திடமே இருக்கவேண்டும். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் 6 பெரிய கழகங்கள் தனி ஐரோப்பிய லீக் ஒன்றிற் சேர முயன்றபோது இரசிகர்கள் கொதித்தெழ, இரண்டு மூன்று நாட்களில் முயற்சி சரிந்தது. அதன்பின் நடந்த ஆய்வின் பயனாக 2025 யூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவருக்கும் அது வழிசெய்தது.

8. நமது ஊர்க் கழகங்கள்

இவை எல்லாம் வெளிநாட்டுக் கதை என்று புத்தகத்தை மூடவேண்டாம். பழுகாமத்திலும் படுவான்கரையெங்கும் உள்ள விளையாட்டுக் கழகங்கள் உறுப்பினருக்குரியவை. பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யும்போது யாப்பு வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் பொதுக்கூட்டத்திலே தெரிவாகின்றனர். இங்கிலாந்து இரசிகர்கள் பணங் கொடுத்து வாங்கிய உரிமை நமக்குச் சந்தாத் துண்டிலேயே கிடைத்திருக்கின்றது.

சுவிஸிலோ கனடாவிலோ உள்ள உறவினர் ஒருவர் சீருடையும் பந்தும் வாங்கித் தரலாம். மைதானத்துக்கு மண்ணும் கொட்டித் தரலாம். நன்றியுடன் பெற்றுக்கொள்ளுங்கள்; பற்றுச்சீட்டும் கொடுங்கள். அவர் அனுசரணையாளர், உரிமையாளர் அல்லர். ஆனால் பொதுக்கூட்டம் கூடாமல், கணக்கு வாசிக்காமல், மைதான உறுதி யார் பெயரில் உள்ளது என்று கேளாமல் ஆண்டுகள் கழியுமானால், உரிமை எவரும் பறிக்காமலே கைமாறிவிடும்.

9. மாதிரி வினாவிடை

வினா: கம்பனி ஒன்றில் ஆதரவாளர் அமைப்பு 24% பங்குகளை வைத்திருப்பதற்கும் 26% பங்குகளை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. (4 புள்ளிகள்)

விடை: சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75% வாக்குகள் தேவை. அமைப்பிடம் 24% இருந்தால் ஏனையோர் 76% வாக்குகளால் அதனை நிறைவேற்றலாம். 26% இருந்தால் ஏனையோரிடம் 74% மட்டுமே உண்டு. அமைப்பு எதிர்த்தால் தீர்மானம் நிறைவேறாது. இரு சந்தர்ப்பங்களிலும் சாதாரண தீர்மானத்தை அமைப்பினால் தனியே தடுக்க முடியாது.

(இறுதி வாக்கியத்தைப் பலர் எழுதுவதில்லை. ஒரு புள்ளி அங்கே இருக்கின்றது.)

பயிற்சி

1. கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஆதரவாளர் அமைப்புக்கும் உள்ள இரு ஒற்றுமைகளைத் தருக.
2. விம்பிள்டன் ஆதரவாளர்கள் பங்கு விற்காமல் கடன்முறி விற்றமைக்கான காரணம் யாது?
3. "போராட்டத்தால் பெறும் சலுகையும் வாக்கால் பெறும் உரிமையும் ஒன்றல்ல." கொல்கத்தா உதாரணங்களைக் கொண்டு ஆராய்க.
4. உமது ஊர்க் கழகத்தின் யாப்பைச் செயலாளரிடம் கேட்டு வாசித்து, பொதுக்கூட்டம், கணக்காய்வு, சொத்து ஆகியன பற்றி அதிற் கூறப்பட்டுள்ளவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. யாப்புக் கிடைக்காவிடின், அதனையே எழுதுக.